எதிர்ப்பு சக்தி என்று ஒரு சாக்கு

ரொம்ப நாளாயிற்று இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆணி அதிகம். நைட் டியூட்டி, பிள்ளைகளின் ஸ்கூல், விடாமல் பெய்கிற கார்டிஃப் மழை என்று எழுதாமல் இருக்க ஆயிரம் காரணம் இருந்தது. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. காரணம் கோபம். ஆகவே கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து தம்பி போன் பண்ணினான். தம்பி என்றால் சித்தப்பா மகன். வயது முப்பத்தெட்டு. சர்க்கரை, பிரஷர் இரண்டும் எங்கள் குடும்பச் சொத்து. இரண்டு சிறுநீரகமும் கிட்டத்தட்ட நின்றுவிட்டன. அடுத்த வாரம் எந்த டயாலிசிஸ் என்று முடிவு பண்ண வேண்டும்.

"அக்கா, டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு வயித்து டயாலிசிஸ் சரிப்பட்டு வராதாம். எதிர்ப்பு சக்தி கம்மியாம். வீடும் பத்தாதாம். அப்பாவுக்க கத தெரியும்லா, அதே ரத்தம்தானேன்னு கேக்காரு."

"நீ என்னலே சொன்ன?"

"நான் என்ன சொல்ல? சரிதானேன்னு வந்துட்டேன்."

சரிதானாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் ஊர் அதியன்னூர். திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை தாலுகா. பாறசாலை தாண்டினால் களியக்காவிளை, அங்கே தமிழ்நாடு. 1956-ல் தெற்கே நாலு தாலுகா அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், இப்போது எனக்கு வேலையில் இங்கிலீஷ். நான் இங்கே டயாலிசிஸ் நர்ஸ். வயிற்று டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு. சித்தப்பா பாலராமபுரத்தில் தறி நெய்தவர். 2018-லிருந்து இரண்டு வருஷம் வயிற்று டயாலிசிஸ் செய்தார். பை மாட்டி விட்டது யார் என்கிறீர்கள்? இதே தம்பிதான்.

வயிற்று டயாலிசிஸ் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நம் வயிற்றுக்குள் குடலைச் சுற்றி பெரிட்டோனியம் என்று ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. வயிற்றில் ஒரு சின்ன ரப்பர் குழாயை நிரந்தரமாக வைத்து, இரண்டு லிட்டர் சர்க்கரைத் தண்ணீரை உள்ளே விடுவார்கள். ரத்தத்தில் உள்ள கழிவு சவ்வு வழியாக அந்தத் தண்ணீருக்கு வரும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டு புதுப் பை மாட்ட வேண்டும். பொதுவாக ஒரு நாளைக்கு நாலு தடவை. வீட்டிலேயே செய்யலாம். வாரம் மூன்று நாள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணி நேரம் மெஷினோடு கிடக்க வேண்டாம். தம்பி மாதிரி வேலைக்குப் போக வேண்டிய ஆளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் உள்ள பெரிய ஆபத்து ஒன்று. குழாய் வழியாகக் கிருமி உள்ளே போனால் சவ்வு பழுத்துவிடும். பெரிட்டோனைட்டிஸ் என்பார்கள். வடிகிற தண்ணீர் கலங்கும், வயிறு வலிக்கும், காய்ச்சல் வரும். கவனிக்காவிட்டால் குழாய் போகும், சில சமயம் ஆளே போய்விடும். ஆக டாக்டர் பயப்படுவதில் தப்பில்லை. அந்தப் பயத்துக்கு அவர் சொல்கிற காரணம்தான் தப்பு.

"எதிர்ப்பு சக்தி கம்மி." இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் இரண்டு கூட்டம் பிழைக்கிறது. ஒரு கூட்டம், உனக்கு எதிர்ப்பு சக்தி இல்லை என்று சொல்லி ஏழையை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. இன்னொரு கூட்டம், எதிர்ப்பு சக்தியைக் கூட்டித் தருகிறேன் என்று அதே ஏழைக்குப் பொடி விற்கிறது. இரண்டு பேரும் எதிர்ப்பு சக்தியை ஏதோ டேங்கில் இருக்கிற பெட்ரோல் மாதிரி பேசுகிறார்கள். ஒருவர் காலி என்கிறார், மற்றவர் ஊற்றித் தருகிறேன் என்கிறார்.

சரி, அந்த வயிற்றுக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது?

சாதாரணமாக நம் வயிற்றுக்குள் சில கரண்டி திரவம்தான் இருக்கும். நூறு மில்லிக்கும் கீழே. அந்தக் கொஞ்சத் தண்ணீரில் மேக்ரோஃபேஜ் என்ற காவல்கார வெள்ளணுக்கள் அடர்த்தியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கிருமியைக் கண்டால் விழுங்கும். விழுங்க வசதியாக ஆன்டிபாடியும் காம்ப்ளிமென்ட் என்ற புரதங்களும் கிருமிமேல் ஒட்டிக் கொடுக்கும். சவ்வில் இருக்கிற செல்களே ஆபத்து வந்தால் ரசாயனத்தை விட்டு ரத்தத்திலிருந்து பட்டாளத்தைக் கூப்பிடும். நல்ல ஏற்பாடு.

இப்போது இதில் இரண்டு லிட்டர் தண்ணீரை ஊற்றுங்கள். நாலு தெருவுக்குக் காவல் நின்ற போலீஸை நாலு ஜில்லாவுக்குப் பரப்பிவிட்ட கதைதான். ஆன்டிபாடி ரத்தத்தில் இருப்பதில் மிகச் சிறு பங்குக்கு நீர்த்துப் போகிறது. சில மணி நேரம் கழித்து வடிக்கும்போது லட்சக்கணக்கில் வெள்ளணுக்களும் பையோடு சாக்கடைக்குப் போகின்றன. புதிதாக வந்து சேர்கிறவை அனுபவம் இல்லாத சின்னப் பையன்கள். அப்புறம் மறுபடி இரண்டு லிட்டர். ஒரு நாளைக்கு நாலு தடவை இதே கூத்து.

அந்தத் தண்ணீரும் லேசுப்பட்டது இல்லை. வழக்கமான பையில் புளிப்பு அதிகம், பி.ஹெச். ஐந்தரைக்குப் பக்கம். இருப்பதிலேயே குறைந்த 1.5 சதவீதப் பையில்கூட ரத்தத்தில் இருப்பதைப் போல பத்து மடங்குக்கும் மேலே சர்க்கரை. கிருமி கொல்லச் சூடாக்கும்போது அந்தச் சர்க்கரை சிதைந்து வேண்டாத பொருட்கள் வேறு உண்டாகின்றன. இதெல்லாம் சேர்ந்து வெள்ளணுவின் கையைக் கட்டிப் போடுகிறது. தினமும் 5 முதல் 10 கிராம் வரை புரதமும் வடிந்து போகிறது. அதாவது ஒரு முட்டை, ஒன்றரை முட்டை. போதாக்குறைக்கு சிறுநீரகம் நின்றாலே ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களும் மந்தமாகிவிடும். அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை இரட்டை டோஸ் போடுகிறோம்.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இதெல்லாம் அதியன்னூர் ஓட்டு வீட்டுக்காரனுக்கு மட்டுமா நடக்கிறது? கார்டிஃபில் கார்ப்பெட் போட்ட வீட்டில் இருக்கிற என் நோயாளிக்கும் இதேதான். அவருக்கும் காவல் நீர்த்துத்தான் போகிறது. அவருக்கும் பை கலங்குகிறது. இந்தச் சிகிச்சை எடுக்கிற எல்லோருக்கும் வயிற்றுக்குள் எதிர்ப்பு குறைவுதான். குறைப்பது நாம் ஊற்றுகிற தண்ணீர். ஊற்றிக் குறைப்பதும் நாமே, பிறகு உனக்குக் குறைவு என்று நோயாளியைக் குற்றம் சொல்வதும் நாமே. எந்த ஊர் நியாயம் இது?

இதுவே போதாது என்றால் சரித்திரத்தைப் பாருங்கள். இந்த முறையை அமெரிக்காவில் பாபோவிச், மான்கிரீஃப் என்ற இருவர் 1976-ல் முன்வைத்தார்கள். அப்போது திரவம் கண்ணாடிப் புட்டியில் வந்தது. ஒவ்வொரு தடவையும் பல இடத்தில் கழற்றி மாட்ட வேண்டும். ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெரிட்டோனைட்டிஸ் வந்தது. பிறகு கனடாவில் ஓரியோபுலோஸ் குழு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தது. 1980-களில் இத்தாலிக்காரர்கள் ஒய் வடிவக் குழாயைக் கொண்டுவந்தார்கள். மாட்டியவுடன் முதலில் பழைய தண்ணீரை வடித்து, மாட்டும்போது கை பட்டுக் கிருமி ஒட்டியிருந்தால் அதையும் கழுவித் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகுதான் புதுத் தண்ணீர் உள்ளே போகும். அவ்வளவுதான் விஷயம். இன்றைக்கு சர்வதேச பெரிட்டோனியல் டயாலிசிஸ் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல், ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 0.4 தடவைக்கு மேல் வரக்கூடாது என்கிறது. அதாவது சராசரியாக இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை. பத்து மடங்கு குறைந்திருக்கிறது.

இந்த நாற்பத்தைந்து வருஷத்தில் மனுஷனுக்கு எதிர்ப்பு சக்தி பத்து மடங்கு கூடியதா? இல்லை. குழாய் மாறியது. சொல்லிக் கொடுக்கிற முறை மாறியது. உள்ளே குறைந்த காவலுக்கு வெளியே ஈடு கட்டினார்கள்.

வீடு பத்தாதாம். ஹாங்காங்கில் தீப்பெட்டி மாதிரி அடுக்குமாடி வீடுகள். அங்கே 1985 முதல் வயிற்று டயாலிசிஸ்தான் முதல் வழி என்பது அரசாங்கக் கொள்கை. தாய்லாந்து 2008-ல் இலவச மருத்துவத் திட்டத்தில் இதையே முதல் வழியாக வைத்தது. கிராமத்து விவசாயிகள் வீட்டில் செய்தார்கள். நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்று 2022-ல்தான் மாற்றினார்கள். இந்தியாவிலும் 1991-லிருந்து செய்கிறார்கள், புதுசு ஒன்றும் இல்லை. தேவை அரண்மனை இல்லை. கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பூனை நாய் வராமல், நல்ல வெளிச்சத்தில், அரை மணி நேரம் உட்கார ஒரு மூலை. பக்கத்தில் சோப்பும் ஓடுகிற தண்ணீரும். தறி ஓடுகிற அறையில் செய்யக்கூடாது, அடுத்த அறையில் செய்யலாம். சித்தப்பா வீட்டில் அப்படித்தான் இரண்டு வருஷம் நடந்தது. ஒரு தடவைகூடக் கலங்கவில்லை.

இனி பொடிக்கூட்டம். அஸ்வகந்தாவோ, நெல்லிக்காயோ, பெயர் சொல்லாத மூலிகையோ, எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்கிறார்கள். வாதத்துக்குக் கூட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். எதைக் கூட்டும்? நான் இருக்கிற இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வயிற்று டயாலிசிஸ் நோயாளிகளின் கலங்கிய தண்ணீரை வைத்தே வருஷக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிறார்கள். 2013-ல் வெளிவந்த அவர்கள் கட்டுரை ஒன்று சொல்வது இது. கிராம் பாசிட்டிவ் கிருமி வந்தால் உடம்பு ஒரு மாதிரி பதில் சொல்கிறது, கிராம் நெகட்டிவ் வந்தால் வேறு மாதிரி. ரேகை பார்ப்பது போல, எந்த வெள்ளணு, எந்த ரசாயனம் கூடியிருக்கிறது என்று பார்த்தே எந்த வகைக் கிருமி என்று முதல் நாளே ஊகிக்க முடியும். ஆக எதிர்ப்பு என்பது ஒரே சரக்கு இல்லை, பல ஆட்கள் செய்கிற பல வேலை.

அதைவிட முக்கியம், எதிர்ப்பு கூடினால் நல்லது என்பதே பொய். வெள்ளணு வந்து அடித்துவிட்டுச் சீக்கிரம் கலைந்து போக வேண்டும். கலையாமல் திரும்பத் திரும்ப அழற்சி வந்தால் சவ்வு தழும்பேறித் தடித்துப் போகும். இதையும் இதே ஊர்க்காரர்கள் 2014-ல் எலிகளில் காட்டினார்கள். தழும்பேறிய சவ்வு வடிகட்டாது. அப்போது டயாலிசிஸே நின்றுவிடும். சவ்வுக்குள் தீயைக் கூட்டுகிற பொடி நிஜமாகவே ஒன்று இருந்தால் அதைத்தான் முதலில் தடை செய்ய வேண்டும். சிறுநீரகம் இல்லாதவருக்குப் பொடியில் உள்ள பொட்டாசியமும் உலோகமும் என்ன செய்யும் என்பது தனிக் கதை. அந்தக் காசுக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள். வடிந்து போகிற புரதமாவது திரும்பி வரும்.

நிற்க. சித்தப்பா கதைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன் போல.

2020 ஆகஸ்ட். எங்கும் கொரோனா, எங்கும் எதிர்ப்பு சக்தி வியாபாரம். சொந்தக்காரர் ஒருவர் அன்போடு ஒரு டப்பா பொடி கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வடித்த தண்ணீர் கலங்கியிருந்தது. நல்ல தண்ணீர் என்றால் பைக்கு அடியில் பேப்பரை வைத்தால் எழுத்தை வாசிக்க முடியும். அன்றைக்கு வாசிக்க முடியவில்லை. தம்பி போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். பொடி கொடுத்தவரிடமும் கேட்டான். "எதிர்ப்பு சக்தி வேல செய்யுது மக்ளே, அழுக்கு வெளிய வருது, பயப்படாத" என்று பதில் வந்தது. சித்தப்பாவுக்கு ஆஸ்பத்திரி போனால் கொரோனா வரும் என்ற பயம். பொடியை இரண்டு வேளை கூட்டிக் கொடுத்தார்கள்.

நான் அந்த வாரம் கொரோனா வார்டில். போட்டோவை ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் பார்த்தேன். வேலையில் எத்தனை பேருக்கு ராத்திரி இரண்டு மணிக்கும் போனை எடுத்திருக்கிறேன்! சொந்தச் சித்தப்பாவின் பையைப் பார்க்க எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. ஐந்து நாள் மருந்துக்கும் தண்ணீர் தெளியவில்லை, குழாயை எடுத்துவிட்டார்கள். எந்தக் கிருமி என்று கடைசி வரை தெரியவில்லை, கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. உயிர் பிழைத்தார். வாரம் மூன்று நாள் மெஷின். தறியில் மறுபடி உட்காரவே இல்லை. 2022-ல் போய்விட்டார்.

தம்பி இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருப்பது, அப்பாவுக்கு எதிர்ப்பு சக்தி இல்லாமல் போனது என்று. டாக்டர் சொல்வதும் அதுவே. இல்லை மக்ளே. உன் அப்பாவின் வயிறு அதன் வேலையைச் செய்தது. அந்தக் கலங்கல் என்னவென்று நினைத்தாய்? அதுதான் எதிர்ப்பு! ஒரு மைக்ரோலிட்டருக்கு நூறுக்கு மேல் வெள்ளணு ஓடி வந்தால், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்றால், பெரிட்டோனைட்டிஸ் என்கிறோம். எதிர்ப்பு சக்தி உதவிக்கு ஆள் கேட்டுக் கத்திய சத்தம் அது. பொடிக்காரர் காதில் அது நல்ல செய்தியாக விழுந்தது. நமக்கு மூன்று நாள் விழவே இல்லை. வெளியிலிருந்து மருந்து போயிருக்க வேண்டிய நேரத்தில் போகவில்லை. தோற்றது அவர் ரத்தம் இல்லை. அந்த மூன்று நாள்தான்.

அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று நோயாளியைக் கேட்பதை நிறுத்திவிட்டு, இதெல்லாம் உங்களிடம் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியைக் கேளுங்கள். பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க, வீட்டுக்கு வந்து பார்க்க, ஒவ்வொரு தொற்றுக்குப் பிறகும் மறுபடி சொல்லிக் கொடுக்க ஒரு நர்ஸ் உண்டா? குழாய் வெளியே வரும் இடத்தில் தினமும் தடவ ஆன்டிபயாட்டிக் கிரீம் கொடுக்கிறீர்களா? எந்த வியாதிக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினாலும் கூடவே பூஞ்சைக்கும் மருந்து எழுதுகிறீர்களா? கலங்கிய தண்ணீரை ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் உடனே ஏற்றி அனுப்புகிறீர்களா, இல்லை சாதா பாட்டிலில் போட்டு மதியம் வரை மேஜையில் வைக்கிறீர்களா? கல்ச்சரில் கிருமி வளராதவை நூற்றுக்குப் பதினைந்துக்குள் இருக்க வேண்டும் என்பது அதே 2022 வழிகாட்டுதல். உங்கள் கணக்கு என்ன? கலங்கினால் அன்றைக்கே வயிற்றுக்குள் விட ஆன்டிபயாட்டிக் பக்கத்தில் இருக்குமா? ராத்திரி போனை யார் எடுப்பார்?

எல்லைக்கு அந்தப் பக்கம், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பை வருகிறது. நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் பை மட்டும் கொடுத்தால் பாதிதான். பையோடு அந்த நர்ஸும், பாட்டிலும், போன் நம்பரும் வந்தால்தான் அது சிகிச்சை. இரண்டு பக்கத்து அரசாங்கத்துக்கும் இதைச் சொல்கிறேன்.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை. வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆகி ஒட்டிப்போனவர்கள், பெரிய குடலிறக்கம் உள்ளவர்கள், கண் தெரியாமல் உதவிக்கும் ஆள் இல்லாதவர்கள், இவர்களுக்கு மெஷின்தான் நல்லது. எங்கள் குழுவும் சிலருக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கையைப் பார்த்து, வீட்டைப் போய்ப் பார்த்துச் சொன்னோம். தம்பி வீட்டுக்கு யாரும் வரவில்லை. இரண்டு வருஷம், நாளைக்கு நாலு பை, ஒரு தொற்று இல்லாமல் மாட்டிய அந்தக் கையை யாரும் பார்க்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூவாயிரம் தடவைக்கு அருகில். ரத்தத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவனிடம் நேற்று மறுபடி பேசினேன். மேலே உள்ள கேள்விகளை மலையாளத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். போட்டோ விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பொ எனக்க ரத்தத்துல குத்தம் இல்லல்லா அக்கா?" என்றான்.

இல்லலே.

வியாழக்கிழமை வேறு ஒரு டாக்டரைப் பார்க்கப் போகிறான். என்ன ஆனது என்று அடுத்த பதிவில் சொல்கிறேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, நர்ஸ். உங்கள் சிகிச்சையை உங்கள் டாக்டரிடம் பேசியே முடிவு செய்யுங்கள். பை கலங்கினால் மட்டும் யாரிடமும் கருத்துக் கேட்காதீர்கள், என்னிடமும்தான். பையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.